கூறை மாற்றப் பதினைந்து நிமிடம்

பிரசாந்திக்குக் கலியாணம் என்ற செய்தி முகமாலைப் பக்கத்துக் கண்ணிவெடி அகற்றும் களத்தில் ஒரு திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத் தெரியவந்தது. ஆறேகாலுக்கு அவளுடைய அணியைச் சேர்ந்த பெண்கள் எல்லோரும் அவளைச் சுற்றி நின்றார்கள். ஆறரைக்கு வேலை தொடங்கும் விசில் ஊதுவதற்குள் சீலையின் நிறம், படம் எடுப்பவர், பந்தியில் எத்தனை கறி என்பதெல்லாம் அவளைக் கேளாமலே முடிவாகிவிட்டன. மேக்கப் போடப்போவது யார் என்ற ஒன்றுதான் மிஞ்சி நின்றது. அதைப் பற்றி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கதைப்பதென்று பெரிய மனதோடு ஒத்திவைத்துவிட்டு எல்லோரும் தங்கள் தங்கள் பாதைகளுக்குப் போனார்கள்.

பிரசாந்திக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. எழுதுமட்டுவாளில் தாய் நாகேஸ்வரியோடும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த தங்கை ஆரணியோடும் இருந்தாள். தகப்பன் இடம்பெயர்ந்து போயிருந்த காலத்திலேயே நெஞ்சுவலியில் இறந்துவிட்டார். அவர்கள் ஊருக்குத் திரும்பி வந்தபோது வளவின் வேலியில் மண்டையோடு கீறிய சிவப்புப் பலகை தொங்கியது. அந்த வளவைச் சுத்தப்படுத்தித் தந்தவர்கள் முழுப்பேரும் பெண்கள். வேலிக்கு வெளியே நின்று நான்கு மாதம் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள், பிறகொருநாள் தானும் அந்த வேலைக்கே போய்ச் சேர்ந்தாள். ஒன்பது வருடம் ஓடிவிட்டது. அவளுடைய சம்பளத்தில் வீட்டுக்குக் கூரை வந்தது, கிணற்றுக்குக் கட்டு வந்தது, ஆரணியின் படிப்பும் நடந்தது.

வேலை எப்படியென்றால், மார்பையும் வயிற்றையும் மூடிய கனத்த கவசத்தோடும், முகத்தை மறைக்கும் தடித்த பிளாஸ்ரிக் கண்ணாடியோடும் வெயிலில் முழங்காலில் இருக்க வேண்டும். மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டிப் பார்க்க வேண்டும். ஒரு நாளில் இரண்டு பாய் விரிக்கக்கூடிய இடத்தைப் பார்த்து முடித்தால் அது நல்ல நாள். அந்த வெயில் அவளுடைய உடம்பில் தன் கணக்குக்குப் படம் கீறி வைத்திருந்தது. முகக்கண்ணாடியின் பட்டி இறுக்கிப் பிடிக்கும் நெற்றி மட்டும் வெளுத்திருக்கும். கன்னமும் பிடரியும் நன்றாகக் கறுத்திருக்கும். கைவிரல் மூட்டுகள் தடித்துக் காய்த்திருக்கும்.

மாப்பிள்ளை மயூரதன் சாவகச்சேரியில் வெல்டிங் கராச் வைத்திருந்தான். கண்ணிவெடி அகற்றுபவர்களின் முகாமில் இரும்புக் கேற்றை ஒட்ட வந்த நாளில், தண்ணீர்த் தாங்கிக்குக் கிட்ட நின்று முகக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு மடக்கு மடக்கென்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பிரசாந்தியைக் கண்டான். இரண்டு கிழமை கழித்து அவனுடைய அக்கா ஞானாம்பிகை, பலகாரத் தட்டோடும் சாதகக் குறிப்போடும் எழுதுமட்டுவாளுக்கு வந்துவிட்டாள். பொருத்தம் பத்துக்கு எட்டு. ஆவணியில் முகூர்த்தம். இடையில் ஏழு கிழமைதான் இருந்தது.

இவ்வளவு காலமும் ஒரு கண்புருவம்கூட எடுக்காத பிரசாந்திக்கு, மணவறையில் வடிவாக இருக்க வேண்டும் என்று ஆசை வந்தது. வந்த ஆசையை அவள் ஒளிக்கவில்லை. சாப்பாட்டு நேரங்களில் மரநிழலில் இருந்து, அணியில் அவளுக்கு மிகவும் நெருக்கமான மதுராவின் போனில் மணப்பெண் படங்களாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பஸ்ஸில் பார்த்தாள். அடுப்பில் சோறு கொதிக்கும்போதும் பார்த்தாள். நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேலே ஒரு சதமும் இதற்குப் போகக்கூடாது என்று மட்டும் தனக்குத்தானே கட்டளை போட்டுக்கொண்டாள்.

முதலில் அக்காவும் தங்கையும் யாழ்ப்பாண நகரில் பேரெடுத்த ஒரு சலூனுக்குப் போனார்கள். உள்ளே குளிரூட்டி, சுவரெல்லாம் கண்ணாடி. வரவேற்பில் இருந்த பிள்ளை மிகவும் மரியாதையாக மூன்று அட்டைகளை எடுத்து வைத்தாள். ஆகக் குறைந்த விலை அட்டையிலேயே எண்பத்தையாயிரம் என்று போட்டிருந்தது. ஆரணி அக்காவின் காலை மெல்ல மிதித்தாள். அந்தப் பிள்ளை தந்த தேசிக்காய்த் தண்ணீரை இருவரும் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வெளியே வந்து, தெருவில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இரண்டாவது ஆள் நகரின் ஓரத்தில் கொழும்புத்துறையில் இருந்தாள். வீட்டு முன்னறையில் தொழில் செய்தாள். முப்பத்தெட்டாயிரம் கேட்டாள். ஒரு முறை இலவசமாகப் போட்டுக் காட்டுவதாகவும் சொன்னாள். பிரசாந்தி ஒரு சனிக்கிழமை பின்னேரம் அந்தக் கதிரையில் போய் இருந்தாள். ஒரு மணித்தியாலம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். திறந்தபோது கண்ணாடிக்குள் வெள்ளை வெளேரென்று ஒரு பெண் இருந்தாள். வடிவானவள்தான். ஆனால் கழுத்துக்குக் கீழே வேறு ஒரு ஆளின் உடம்பு தொடங்கியது. கழுத்துக்கும் கைக்கும் அன்றைக்குச் சேர்த்துப் பூசிவிட்டால் சரியாகிவிடும் என்று அந்தப் பெண் சமாதானம் சொன்னாள். ஆரணிக்குப் பிடித்துவிட்டது. இந்தக் காலத்தில் எல்லாரும் இப்படித்தான் என்றாள்.

பஸ் எழுதுமட்டுவாளுக்கு வந்து சேர பொழுது மங்கிவிட்டது. ஆரணி கடையில் பாண் வாங்க நின்றுவிட, பிரசாந்தி தனியே படலையைத் திறந்தாள். முற்றத்துக் கொடியில் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்த நாகேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆரைப் பிள்ளை தேடுறியள்?" என்றாள்.

பிறகு மகளின் குரலைக் கேட்டதும், தாய் உடுப்புகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் பக்கத்து வளவுக்காரர்கூட எட்டிப் பார்த்தார்கள். பிரசாந்தியும் சிரித்தாள். ஆனால் கிணற்றடியில் மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு நிற்கும்போது தங்கையிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"பெத்த தாய்க்கே ஆளைத் தெரியேல்லை. அந்த மனிசன் என்னைக் கண்டது ஒரேயொரு முறை. மணவறையிலை ஆரெண்டு தெரியாமல் முழிக்கப்போறார்."

அதற்குப் பிறகு அவள் படங்களைப் பார்க்கும் விதம் மாறியது. கண்ணையும் உதட்டையும் விட்டுவிட்டு, படத்தைப் பெரிதாக்கி மணப்பெண்ணின் கையையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். இரண்டும் ஒரே நிறமா? இல்லையென்றால் அடுத்த படம். இப்படித் தள்ளிக்கொண்டு போனதில் முப்பதுக்கு மேற்பட்ட மேக்கப் ஆட்கள் தட்டுப்பட்டுக் கழிந்து போனார்கள். மதுரா பொறுமை இழந்து, இப்படிப் பார்த்தால் கலியாணத்துக்கு முதல் தனக்குப் பேரப்பிள்ளை பிறந்துவிடும் என்றாள்.

கடைசியில் மதுராவின் போனிலேயே அது கிடைத்தது. வட்டுக்கோட்டையில் அவளுடைய சிநேகிதி ஒருத்திக்கு நடந்த தேவாலயக் கலியாணப் படம். வெள்ளைச் சீலை, தலையில் மெல்லிய வலை. பெண் நல்ல கறுப்பு. முகமும் கறுப்பு, பூச்செண்டைப் பிடித்திருந்த கையும் அதே கறுப்பு. முகத்தில் அப்படியொரு பளபளப்பு. பிரசாந்தி படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். நாடியில் இருந்த பழைய தழும்பு இலேசாகத் தெரிந்தது, ஆனால் அது அங்கே இருக்க வேண்டியதுபோல இருந்தது. மேக்கப் போட்டது யார் என்று கேட்டபோது மதுரா அந்தச் சிநேகிதிக்கு அப்போதே போன் எடுத்தாள். உடுவிலில் ரஞ்சினி என்றொரு அக்கா. விளம்பரம் ஒன்றும் கிடையாது. முப்பத்திரண்டாயிரம் எடுப்பா.

வேலை தொடங்கும் விசில் ஊதியது. அன்று பின்னேரம் முழுவதும் பிரசாந்தி மண்ணில் வைத்த கண்ணை எடுக்காமல் வேலை செய்தாள். முடிந்து கவசத்தைக் கழற்றிய அடுத்த நிமிடமே ரஞ்சினிக்குப் போன் எடுத்தாள்.

ரஞ்சினிக்கு நாற்பத்தாறு வயது இருக்கும். ஒரு கந்தோரில் இருபது வருடம் தட்டச்சு வேலை பார்த்துவிட்டு, கொழும்பில் தமக்கையின் வீட்டில் நின்று அலங்காரம் பழகி வந்தவள். தொழில் அறை என்று தனியாக இல்லை. வடக்குப் பக்கத்து யன்னலோரம் ஒரு உயரமான கதிரையும் ஒரு கண்ணாடியும் போட்டிருந்தாள். பகல் வெளிச்சத்தில் பிழைத்தால்தான் மேக்கப் என்பது அவளுடைய எண்ணம். பிரசாந்தி கதிரையில் இருந்ததும் அவள் முகத்தைத் தொடவில்லை. முதலில் கையைத் தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நெற்றியில் இருந்த வெள்ளைப் பட்டியை விரலால் தடவினாள்.

"என்ன வேலை செய்யிறீர் பிள்ளை?"

பிரசாந்தி சொன்னாள். ரஞ்சினி ஒரு சிறிய தட்டில் மூன்று நிறங்களைக் குழைக்கத் தொடங்கினாள்.

"உம்மை வெள்ளையாக்கிறதெண்டா எனக்கு அரை மணித்தியாலம் காணும். உம்மடை நிறத்திலையே வடிவாக்கிறதெண்டா ரெண்டு மணித்தியாலம் வேணும். எது செய்ய?"

"ரெண்டு மணித்தியாலம்" என்றாள் பிரசாந்தி.

நெற்றிக்கு ஒரு நிறம், கன்னத்துக்கு ஒன்று, பிடரிக்கு ஒன்று. வெளுத்த இடத்தையும் கறுத்த இடத்தையும் நடுவில் கொண்டுவந்து சேர்த்தாள் ரஞ்சினி. முடிந்ததும் பிரசாந்தியை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், வெயிலில் நிற்பாட்டிக் கைக்கண்ணாடியைக் கொடுத்தாள். அதற்குள் இருந்தது பிரசாந்திதான். பதினெட்டு வயதில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு எடுத்த அடையாள அட்டைப் படத்தில் இருந்தவள், நன்றாக நித்திரை கொண்டு எழும்பி, நல்ல செய்தி ஒன்றைக் கேட்டுவிட்டு வந்து நிற்பதுபோல இருந்தாள். ஆரணி பக்கத்தில் நின்று அக்காவின் கையை நுள்ளினாள்.

முற்பணத்தை எடுக்கப் பிரசாந்தி பையைத் திறந்தபோதுதான் ரஞ்சினி தடுத்தாள்.

"ஒண்டு முதலே சொல்லிப்போட வேணும். நான் இவ்வளவு நாளும் செய்தது எங்கடை சேர்ச் கலியாணங்கள்தான். அங்கை ஒரு சீலையோடை காரியம் முடிஞ்சிடும். நடுவிலை கூறை மாத்தி விடுறது எனக்குப் பழக்கமில்லை. நீங்கள் வேறை ஆளைப் பாத்தாலும் எனக்குக் கோவமில்லை."

சைவக் கலியாணத்தில் அதுதான் பெரிய கண்டம். பொம்பிளை ஒரு சீலையோடு மணவறைக்கு வருவாள். கூறை என்னும் கலியாணப் பட்டுச்சீலையும் தாலியும் வைத்த தட்டு சபையெல்லாம் சுற்றி வந்து, மாப்பிள்ளை கையால் கூறையை வாங்கிக்கொண்டு அவள் உள்ளே போவாள். உடுத்தது எல்லாவற்றையும் மாற்றி, கூறையைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தபிறகுதான் தாலி. வெளியே ஐயர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார், சபை பொம்பிளையின் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும். புதுப்பட்டு விறைத்துக்கொண்டு நிற்கும். அதைக் கட்டத் தெரியாத ஒரு ஆளை நம்பிப் போவதா? பஸ் தரிப்பில் நின்றபோது ஆரணி இதைத்தான் கேட்டாள். வீட்டில் நாகேஸ்வரியும் கேட்டாள். மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் அக்கா ஞானாம்பிகை போன் எடுத்து, வேதக்கார ஆளாமே, கூறை கட்டத் தெரியாதாமே என்று விசாரித்தாள். நல்லூரில் தனக்குத் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள், கொஞ்சம் கூடத்தான் எடுப்பாள், மிச்சக் காசைத் தான் போடுகிறேன் என்றும் சொன்னாள்.

பிரசாந்தி ஒரு நாள் அவகாசம் கேட்டாள். அவளுடைய வேலையில், இந்த மூலையை நான் இன்னும் பார்க்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்பவளை நம்பி அடுத்த அடி வைக்கலாம். பாராமல் பார்த்தேன் என்பவளை நம்பிக் காலை வைக்க முடியாது. ஒன்பது வருடம் அப்படி நம்பித்தான் இரண்டு காலோடும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். அடுத்த நாள் ஞானாம்பிகைக்கு அவளே போன் எடுத்தாள்.

"மச்சாள், கோவிக்காதேங்கோ. ரஞ்சினி அக்காதான் செய்யப்போறா. தெரியாததைப் பழகலாம். எத்தினை நிமிசத்துக்கை மாத்தவேணும் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

ஞானாம்பிகை, "பதினைஞ்சு நிமிசத்துக்கு மேலை ஐயர் பொறுக்கமாட்டார். நான்தான் பொம்பிளைக்குத் தோழி, நானும் உள்ளைதான் நிப்பன். பாப்பம்" என்றாள். கூறையை முன்கூட்டியே கொய்து வைக்கலாமா என்று கேட்டதற்கு, சபைக்குக் காட்டும் கூறையின் மடிப்பைக் குலைக்கக்கூடாது என்று வெட்டொன்றாகச் சொல்லிவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரஞ்சினி இரண்டு பஸ் ஏறி எழுதுமட்டுவாளுக்கு வந்து இறங்கினாள். மதுராவும் அணியில் இருந்து இன்னும் நான்கு பேரும் காலையிலேயே வந்து கோழிக்கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். நாகேஸ்வரி அலுமாரியைத் திறந்து தன்னுடைய கூறையை எடுத்துக் கொடுத்தாள். அறைக்கதவைச் சாத்தினார்கள். மதுரா வேலைத்தள விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். விசில் ஊதியது.

முதல்முறை நாற்பத்திமூன்று நிமிடம் எடுத்தது. கதவு திறந்தபோது கூறை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது, ரஞ்சினியின் கையில் இரண்டு இடத்தில் பின் குத்தி இரத்தம் வந்திருந்தது. நாகேஸ்வரி நெற்றியில் கையை வைத்தாள். ரஞ்சினி தேத்தண்ணி குடித்துவிட்டு ஒரு கொப்பியைத் திறந்து, நேரம் எங்கே போனது என்று எழுதத் தொடங்கினாள். முதல் சீலையில் இருபத்தாறு பின் குத்தியிருந்தாள். கழற்றவே ஒன்பது நிமிடம். அதை எட்டுப் பின்னாகக் குறைத்தாள். தலையில் கொழுவியிருந்த நெற்றிச்சுட்டி சீலையில் சிக்கியது. அதை மாற்றம் முடிந்தபிறகு வைப்பதென்று தீர்மானித்தாள். கொய்யக மடிப்புப் பிடிக்க ஒருத்தி, தலைப்பை மடிக்க ஒருத்தி, பின்னும் மணிக்கூடும் பார்க்க ஒருத்தி என்று ஆட்களையும் பிரித்தாள்.

இரண்டாம் முறை முப்பத்தொரு நிமிடம். மூன்றாம் முறை இருபத்திநான்கு. ஒவ்வொரு முறையும் விசில் ஊத, பக்கத்து வளவுக்காரர் என்ன விளையாட்டு நடக்கிறதென்று வேலிக்கு மேலால் கேட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் வெறி பிடித்துவிட்டது. பிரசாந்திக்கு இவ்வளவு சந்தோசமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை போனதாக நினைவில்லை. நடுவில் மரம்போல நிற்பது மட்டும்தான் அவளுடைய வேலை. சுற்றிவர ஆறு சோடிக் கைகள் ஓடின. ரஞ்சினி கடைசி பஸ்ஸுக்குப் போகும்போது பத்தொன்பது நிமிடத்தில் வந்து நின்றது. இன்னும் ஒரு ஞாயிறு வந்தாள். பதினேழு. அதற்குக் கீழே இறங்க மறுத்தது.

கலியாண நாள் விடிய நாலரைக்கு ரஞ்சினி தட்டில் நிறங்களைக் குழைத்தாள். அவள் சொன்னதுபோலவே சரியாக இரண்டு மணித்தியாலம் எடுத்தது. கொடிகாமத்து மண்டபத்துக்கு முன்னால் பிரசாந்தி காரில் இருந்து இறங்கியபோது, காரையடுத்து நின்ற தாயின் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள். நாகேஸ்வரி மகளை உச்சியில் இருந்து பாதம் வரை பார்த்துவிட்டு, ஆட்காட்டி விரலால் அவளுடைய காதுக்குப் பின்னால் ஒரு சின்னக் கறுப்புப் பொட்டு வைத்தாள்.

மணவறையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. தட்டு சபையைச் சுற்றி வந்தது. மயூரதன் கையில் இருந்து கூறையை வாங்கிக்கொண்டு பிரசாந்தி எழுந்து, தோழி ஞானாம்பிகையோடு உள்ளே நடந்தாள். உடைமாற்றும் அறையில் ரஞ்சினியும் மதுராவும் மற்ற நான்கு பேரும் அவரவர் இடத்தில் தயாராக நின்றார்கள். அணிப்பெண்கள் எல்லோரும் அன்றைக்குப் பட்டு உடுத்திருந்தார்கள். ஞானாம்பிகை கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் தன் கைமணிக்கூட்டைப் பார்த்தாள். ரஞ்சினி முதல் பின்னைக் கழற்றினாள்.

எட்டாவது பின் கழன்று முதல் சீலை கீழே விழுந்த நேரம் பார்த்துக் கரண்ட் நின்றது.

அந்த அறைக்கு யன்னல் இல்லை. கை தெரியாத இருட்டு. வெளியே ஒலிபெருக்கியும் நின்றுவிட, மேளச்சத்தம் மட்டும் கேட்டது. மண்டபக்காரர் ஒருவர் கதவுக்கு வெளியே நின்று, ஜெனரேற்றர் மணவறைக்கு மட்டும்தான் இழுக்கும், உள்ளறைக்கு வராது என்று சொல்லிவிட்டு ஓடினார். ஞானாம்பிகை, கந்தசாமியாரே என்று கடவுளைக் கூப்பிட்டாள்.

"போன்" என்றாள் மதுரா.

ஐந்து போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிச்சம் போட்டன. ஒருத்தியும் பதறவில்லை, ஒருத்தியும் ஆளை ஆள் இடிக்கவில்லை. ஒரு கையால் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் வேலையைச் செய்தார்கள். ரஞ்சினி கூறையை உதறினாள். நாகேஸ்வரியின் பழைய பட்டுப்போல் இல்லை இது. அட்டைபோல் விறைத்துக்கொண்டு, பிடித்த கொய்யகமெல்லாம் பிரிந்து பிரிந்து வந்தது. காற்றாடி இல்லாத அறையில் ரஞ்சினியின் கை வியர்த்து வழுக்கத் தொடங்கியது. நடுவில் நின்ற பிரசாந்திதான் அசையவில்லை. கவசத்துக்குள் வெந்துகொண்டு மூச்சை அளந்து விடுவது அவளுக்கு நாளாந்தக் காரியம்.

"அவசரப்படாதேங்கோ அக்கா. எனக்கு வேர்வை பழக்கம். நீங்கள் உங்கடை கையைத் துடைச்சிட்டுப் பிடியுங்கோ" என்றாள் மெதுவாக.

ரஞ்சினி லேஞ்சித் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தாள். அதே லேஞ்சியின் மறுபக்கத்தால் பிரசாந்தியின் மேலுதட்டை ஒற்றினாள். மறுபடியும் முதல் மடிப்பில் இருந்து தொடங்கினாள். இந்த முறை கொய்யகத்தின் கீழ்முனை மட்டும் விரிந்துகொண்டு போனது. பிடிக்க அங்கே கை இல்லை, எல்லோருக்கும் ஒரு கை வெளிச்சத்திலும் மற்றக் கை சீலையிலும் இருந்தது.

அப்போது ஞானாம்பிகை கைமணிக்கூட்டைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, தன் பட்டுச்சீலையோடு அப்படியே நிலத்தில் முழங்காலில் இருந்தாள். கூறையின் அடியைப் பிடித்து, ஒவ்வொரு மடிப்பாக நகத்தால் அழுத்தி அழுத்தி விட்டாள்.

"இப்ப குத்தும் ரஞ்சினி, நான் பிடிச்சிருக்கிறன்" என்றாள்.

ரஞ்சினி குத்தினாள். தலைப்பு தோளில் ஏறியது. நெற்றிச்சுட்டி கடைசியாக வந்து உட்கார்ந்தது. ஐந்து வெளிச்சமும் ஒருசேர முகத்துக்கு உயர்ந்தன. ரஞ்சினி இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள். மூக்குக்குப் பக்கத்தில் சின்னத் தூரிகையால் ஒரு தட்டுத் தட்டினாள். கதவைத் திறக்கச் சொன்னாள். பிறகு மதுரா சொல்லித்தான் தெரிந்தது, பதினாறு நிமிடம். ஒரு நிமிடம் பிந்திப்போனதை ஐயர் கவனிக்கவேயில்லை. அவர் அந்த நேரம் முழுக்க ஜெனரேற்றர்காரரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

சிவப்புக் கூறையில் பிரசாந்தி வாசலில் வந்து நின்றதும் மேளம் உச்சத்துக்கு ஏறியது. சபையில் முன்வரிசை எழுந்து நின்று பார்த்தது. மணவறைக்கு இருபது அடி தூரம். அந்த இருபது அடியை அவள் நிலத்தைப் பாராமல் நடந்தாள். போய் மயூரதனுக்குப் பக்கத்தில் அமர்ந்தபோது அவன் மெல்லத் திரும்பி, உண்மையான நிம்மதியோடு அவளை ஒருமுறை பார்த்தான்.

"நல்லகாலம், நீர்தான்" என்றான்.

சொந்தக்காரர் கலியாணங்களில் மாறிப்போன முகங்களைக் கண்டு கண்டு அவனும் பயந்துபோயிருந்தானாம். பிரசாந்திக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கெட்டிமேளம் கொட்டி அவன் தாலியைக் கட்டிக்கொண்டிருந்த அந்தக் கணத்திலும் அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். குனிந்து வெட்கப்பட்டுக்கொண்டிருக்கும் பொம்பிளைகளையே எடுத்துப் பழகிய படக்காரன் ஒரு கணம் திகைத்துப்போய், பிறகு ஓடி ஓடி எடுத்தான்.

பந்தியில் ரஞ்சினியை ஞானாம்பிகை தன் பக்கத்தில் இருத்தி, அவளுக்குப் பாயசம் வார்க்கச் சொன்னாள். தை மாதத்தில் தன்னுடைய மகளுக்குக் கலியாணம் பேசியிருப்பதாகவும், அந்தத் திகதியை வேறு யாருக்கும் கொடுத்துவிடக்கூடாது என்றும் சொல்லி, போன் இலக்கத்தை இரண்டு தரம் சரிபார்த்து வாங்கிக்கொண்டாள். பின் குத்திய விரலில் ஒட்டியிருந்த பிளாஸ்ரரைக் கழற்றிவிட்டு ரஞ்சினி நிதானமாகச் சாப்பிட்டாள். அவளுடைய கொப்பியில் அடுத்த பக்கத்துக்கு வேலை வந்துவிட்டது.

மத்தியானம் ஒன்றரை மணிபோல மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்பட்டார்கள். தாயைக் கட்டிப்பிடித்து அழுதும் ரஞ்சினியின் மை கரையவில்லை. ஆரணி அதை முதலில் கவனித்துச் சொல்ல, தாயும் மகள்களும் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டார்கள். கார் சாவகச்சேரியில் பெரிய தெருவை விட்டு மயூரதன் வீட்டு ஒழுங்கைக்குத் திரும்பிய இடத்தில் ரயில் கடவை மூடிக் கிடந்தது. கொழும்பில் இருந்து வந்த ரயில், நிலையத்தை நெருங்கிவிட்டதால் மெதுவாகத்தான் வந்தது. யன்னல் யன்னலாக ஆட்கள். காருக்குள் கூறையோடு இருந்த பொம்பிளையை ஒரு சின்னப்பிள்ளை முதலில் கண்டு கையை ஆட்டியது. பிறகு அந்தப் பெட்டி முழுவதும் கையை ஆட்டியது. பிரசாந்தி யன்னல் கண்ணாடியைக் கீழே இறக்கினாள். மருதாணி போட்ட அந்தக் காய்த்த கையை வெளியே நீட்டி, கடைசிப் பெட்டி கடந்து போகும்வரை ஆட்டிக்கொண்டேயிருந்தாள்.